பஸ் ஏற்றிவிட்டால் தீருமா?

கேள்வி: மேடம், எனக்கு ஊர் அரூர் பக்கம். பெங்களூருக்கு வந்து 22 வருஷம் ஆகுது. கம்பி கட்டுற மேஸ்திரி. என்கிட்ட 14 பேர் வேலை செய்யறாங்க, எல்லாம் எங்க ஊர்ப் பசங்க, பக்கத்து ஊர்ப் பசங்க. இப்போ சர்ஜாபூர் ரோட்டுல சைட். அதுல ஒரு பையன், 27 வயசு, கல்யாணம் ஆகலை. நல்ல வேலைக்காரன். ரெண்டு மாசமா அவன் அவனா இல்லை. சரியா சாப்பிடறதில்லை. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து ஷெட்டுக்கு வெளிய உக்காந்திருக்கான். நெஞ்சு அடைக்குது, தலை பாரமா இருக்குதுன்னான். ஈசிஜி, ஸ்கேன்னு நாலாயிரத்துக்கு மேல செலவு பண்ணோம், எல்லாம் நார்மல்னுட்டாங்க. ஆடிக்கும் ஊருக்குப் போகலை, தீபாவளிக்கும் போகலை. தங்கச்சி கல்யாணத்துக்கு என்கிட்ட 60 ஆயிரம் அட்வான்ஸ் வாங்கினான், அதுல பாதி இன்னும் நிக்குது. பசங்க காத்து கருப்புன்னு சொல்லி கயிறு கட்டிவிட்டாங்க. நான் ராத்திரி ஒரு குவார்ட்டர் வாங்கிக் குடுத்தா கொஞ்சம் தூங்கறான். போன வாரம் வாட்ச்சைக் கழட்டி பக்கத்துல படுக்கற பையன்கிட்ட குடுத்து, 'நீயே வெச்சுக்கடா, எங்க அம்மாவ அப்பப்போ போய்ப் பாத்துக்க'ன்னானாம். எனக்கு வயித்தைக் கலக்குது. ஏதாவது ஒண்ணு ஆயிட்டா போலீஸு கேஸுன்னு என் பொழப்பே போயிடும். அவனை பஸ் ஏத்தி ஊருக்கு அனுப்பிடலாமா? ஊருக்குப் போனா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் இப்பல்லாம் தூக்கம் பிடிக்கறதில்லை மேடம், அது வயசுன்னு நினைக்கறேன்.
— ஒரு மேஸ்திரி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள மேஸ்திரி அவர்களுக்கு,

அந்த வாட்ச் பற்றிய வரியைப் படித்ததும், பதில் எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குப் போன் செய்தேன். அன்று ராத்திரி பையனைத் தனியாக விடாமல் பக்கத்திலேயே படுக்கவைத்தீர்கள். விடிந்ததும் இங்கே பெங்களூரில் மனநலம், நரம்பு நோய்களுக்குப் பார்க்கிற நிமான்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஒரு நாள் வேலை போயிற்று, ஆட்டோவுக்குச் செலவாயிற்று, சைட் இன்ஜினியரிடம் பேச்சு வாங்கினீர்கள். அவ்வளவுக்கும் பிறகு சாயங்காலம் போனில், "டாக்டர் மாத்திரை எழுதியிருக்காங்க மேடம், ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க" என்று சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. இப்போது நிதானமாக எழுத முடிகிறது. பையனிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பதிப்பிக்கக் கொடுக்கிறேன். அடையாளம் தெரியும்படியான ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

உங்கள் கேள்வி, ஊருக்கு அனுப்பிடலாமா என்பது. தனியாக பஸ் ஏற்றி அனுப்பவே அனுப்பாதீர்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் வேலையில் நடந்த ஒரு சம்பவம்தான் காரணம். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சென்ட்ரிங் மேஸ்திரி உங்களைப் போலவே கேட்டார். வீட்டுச் சாப்பாடு, அம்மா முகம் என்று நானும் நினைத்து, அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். சாந்தி நகர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்து, தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அந்த ஆள் ஓசூரிலேயே இறங்கிவிட்டார். வீட்டில் சாயங்காலம்வரை பார்த்துவிட்டு போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். நாலாவது நாள் கிருஷ்ணகிரி பக்கம் ரோட்டோரத்தில் கிடைத்தார், உயிரோடு. பிறகு அவரிடம் கேட்டேன், ஏன் இறங்கினீர்கள் என்று. "கையில ஒண்ணும் இல்லாம எப்படிம்மா வீட்டு வாசல்ல போய் நிக்கறது" என்றார். அன்றிலிருந்து யாரையும் தனியாக அனுப்பச் சொல்வதில்லை.

உங்கள் பையன் ஊருக்குப் போகாத கதையும் அதுதான். பெங்களூரிலிருந்து அரூர் நாலைந்து மணி நேரப் பயணம். சனிக்கிழமை பட்டுவாடா முடிந்து ராத்திரி பஸ் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலையில் சைட்டுக்கு வந்துவிடலாம். உங்கள் ஆட்கள் அப்படித்தான் போய்வருகிறார்கள். ஆடிப் பதினெட்டுக்குத் தர்மபுரிக்காரர் யாராவது ஊருக்குப் போகாமல் இருப்பார்களா? அவன் போகவில்லை, தீபாவளிக்கும் போகவில்லை. அதை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது நெஞ்சு அடைப்பைவிடப் பெரிய அறிகுறியாகப் பட்டது. ஊர் அவனுக்கு இளைப்பாறுகிற இடமாக இப்போது இல்லை. பாக்கி எவ்வளவு, கல்யாணம் எப்போ, எவ்வளவு சம்பாதிக்கிறே என்று கேட்கிற இடமாக இருக்கிறது.

ஊருக்குப் போவதும் போகாமல் இருப்பதும் இந்த நகரத்தில் எப்போதுமே தொழிலாளியின் கையில் இருந்ததில்லை. 2020 மே மாதம் ஊரடங்கில் ஆட்கள் ஊர் போகத் துடித்தபோது, பில்டர்களோடு பேசிய கையோடு மாநில அரசு ரயில்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் சில நாளில் மனம் மாறியது. அத்திப்பள்ளி எல்லையை நோக்கி நடந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்றைக்குப் போகவிடவில்லை. இன்றைக்கு உடம்பு சரியில்லாதவனைப் போ என்கிறோம். ரெண்டிலும் அவனை யாரும் கேட்கவில்லை. அதனால் முதலில் அவனைக் கேளுங்கள். போகணும்னு இருக்கா, இங்கேயே இருக்கணும்னு இருக்கா, போனா யார்கிட்ட என்ன சொல்லணும்? அவன் சொல்வதற்கு நேரம் கொடுங்கள். மனச்சோர்வு நோய் வந்தவர்களுக்கு ஒரு பதில் சொல்லவே நேரம் பிடிக்கும்.

ஆமாம், டாக்டர் சீட்டில் டிப்ரஷன் என்று எழுதியிருப்பது இந்த மனச்சோர்வு நோயைத்தான். சோம்பேறித்தனம் என்றோ, ரொம்ப யோசிக்கிறான் என்றோ நினைத்துவிடாதீர்கள். நம் ஆட்களுக்கு இது முதலில் உடம்பில்தான் வரும். நெஞ்சு அடைக்குது, கேஸ் ஏறுது, தலை பாரம், கை கால் அசதி என்பார்கள். மனசு சரியில்லை என்று சொல்லக் கூச்சம், சொல்வதற்கு ஆளும் இல்லை. அதனால் மருந்துக் கடைக்குப் போவார்கள், குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வார்கள், ஸ்கேன் எடுப்பார்கள். எல்லாம் நார்மல் என்று வந்தால், நமக்கு வந்திருக்கிற நோயை டாக்டராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்று இன்னும் பயந்துபோவார்கள். நாலாயிரம் செலவு வீண் என்று நினைக்காதீர்கள், அந்த ரிப்போர்ட்டெல்லாம் பத்திரமாக இருக்கட்டும். நிமான்ஸில் அவற்றைப் பார்த்திருப்பார்கள். தைராய்டு, ரத்தசோகைக்கும் டெஸ்ட் எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். அவையும் இதே மாதிரி சோர்வைக் கொடுக்கும்.

உங்கள் ஷெட்டை நான் பார்த்ததில்லை, ஆனால் பல ஷெட்டுகளைப் பார்த்திருக்கிறேன். தகரச் சுவர், நடுவில் ஒரு பல்பு, ஒரே சுவிட்ச் போர்டில் ஏழெட்டு போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். வீட்டோடு பேச வேண்டுமென்றால் எல்லாரும் எழுந்து வெளியே தண்ணீர் டிரம் பக்கம் போய்விடுவார்கள். ஒரு ராத்திரி அங்கே ஒருவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "சாப்ட்டேம்மா... ஆமா, கறிக் கொழம்பு... நல்லாத்தான் இருக்கேன்... அடுத்த வாரம் போடறேன்." பேசி முடித்து உள்ளே வந்தவர் தட்டைத் திறந்தார். மத்தியானச் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. ஒரு கணம் பார்த்துவிட்டு மூடிவைத்துப் படுத்துவிட்டார். தினமும் ரெண்டு நிமிஷம் இப்படி நல்லா இருப்பதாகச் சொல்லிச் சொல்லியே, நல்லா இல்லை என்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் போய்விடுகிறது. உங்கள் பையனும் இந்த ரெண்டு மாசமாக அம்மாவிடம் அப்படித்தான் பேசியிருப்பான்.

இனி அந்த அட்வான்ஸ். கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை என்று தெரியும். தங்கச்சி கல்யாணத்துக்கு எந்த பேங்க் அவனுக்குக் கொடுத்திருக்கும்? ஆனால் அவனுக்குக் காலையில் எழுந்ததும் முதலில் தெரிகிற முகம் கடன் கொடுத்தவர் முகம். உடம்பு முடியவில்லை என்றால், வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்று பயப்படுவான். அதனால் அவனை உட்கார வைத்து, நாலு பேர் இல்லாத நேரத்தில், "பாக்கியைப் பத்தி ஆறு மாசத்துக்குப் பேச்சே இல்லை, நீ முதல்ல எந்திரி" என்று சொல்லுங்கள். சொன்னால் அதில் நில்லுங்கள். நடுவில் ஒரு சனிக்கிழமை பிடித்தம் செய்தீர்கள் என்றால் அவன் அப்புறம் உங்களையும் நம்ப மாட்டான். முப்பதாயிரம் உங்களுக்கும் சின்னத் தொகை கிடையாது, தெரியும். உங்கள் பில்டர் உங்களுக்கு எத்தனை பில் பாக்கி வைத்திருக்கிறாரோ. இருந்தும் கேட்கிறேன். மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும், பசியைக் கொடுக்கும், கடனை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

வாட்ச் விஷயத்தைக் கேட்டதும் அவனிடம் அதைப் பற்றி யாருமே பேசவில்லை என்றீர்கள். பேசினால் அந்த எண்ணத்தை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தீர்கள். அப்படி ஆகாது. நேரடியாகக் கேட்டால் பாரம்தான் குறையும். அன்று போனில் நான் சொல்லிக் கொடுத்தபடி, "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதாடா?" என்று நீங்கள் கேட்டதும் அவன் உங்கள் தோளில் சாய்ந்து அழுதான் என்றீர்கள். இனியும் வாரத்துக்கு ரெண்டு மூன்று தடவை அதே மாதிரி கேளுங்கள். திட்டாமல், புத்தி சொல்லாமல், அம்மாவை நினைத்துப் பார்த்தியா என்று குத்திக்காட்டாமல் கேளுங்கள். அம்மாவை நினைத்து நினைத்துத்தான் அவன் இந்த நிலைக்கு வந்திருக்கிறான். ஆமாம் தோணுது என்று சொன்னால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். நிமான்ஸில் அவசரப் பிரிவு ராத்திரியிலும் திறந்திருக்கும். பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற எண். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ், இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை ஷெட்டில் சுவிட்ச் போர்டுக்கு மேலே சாக்பீஸால் எழுதிவையுங்கள். பதினாலு பேரும் பார்க்கிற இடம் அதுதான்.

இதை நான் பெரிதாக்குவதாக நினைக்க வேண்டாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2021-ஆம் ஆண்டு தற்கொலையால் போன உயிர்கள் 1,64,033. அதில் 42,004 பேர் தினக்கூலிக்காரர்கள். நாலில் ஒருவர்.

போலீஸ் பயத்தைச் சொல்லியிருந்தீர்கள். அந்த பயத்தினாலேயே எத்தனையோ பேர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றால் அவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-வது பிரிவே இல்லை. சிகிச்சைக்குக் கூட்டிப் போனதற்காக உங்கள் மேல் யாரும் கேஸ் போட முடியாது. சீட்டையும் பில்லையும் வைத்திருங்கள், நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மற்ற பசங்களிடம் சொல்ல வேண்டாம். அது அவன் விஷயம். 'மெண்டல் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தவன்' என்று ஒருவன் ஆரம்பித்தால் ஊர்வரைக்கும் போய்விடும். யாராவது கேட்டால், வலிப்புக்கும் பக்கவாதத்துக்கும் தலையில் அடிபட்டவர்களுக்கும் பார்க்கிற ஆஸ்பத்திரிதானே அது, தூக்கம் வராததுக்குக் காட்டினோம் என்று சொல்லுங்கள். பொய் ஒன்றும் இல்லையே.

இப்போது மாத்திரை. சாப்பிட்ட மறுநாளே சிரிப்பான் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த வகை மருந்து வேலை செய்ய ரெண்டு வாரத்திலிருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம்கூட. முதல் சில நாள் வயிறு பிரட்டலாம், தூக்கக் கலக்கம் இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு, இது ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். நன்றாகத் தெளிந்த பிறகும் ஆறு மாசத்துக்குக் குறையாமல் தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பழக்கமாகிவிடும் என்று ஷெட்டில் சொல்வார்கள். மனச்சோர்வு மருந்து போதைப் பழக்கமாகாது. கொஞ்ச நாளுக்கு என்று எழுதிக் கொடுக்கிற தூக்க மாத்திரையைத்தான் இஷ்டத்துக்கு நீட்டக் கூடாது. மாத்திரை அட்டையை மொத்தமாக அவன் கையில் கொடுக்காமல் உங்களிடம் வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு உரியதைக் கொடுங்கள்.

அந்தக் குவார்ட்டரை நிறுத்துங்கள். பாசத்தில்தான் வாங்கிக் கொடுத்தீர்கள். குடித்தால் சீக்கிரம் கண் அயரும், உண்மைதான். ஆனால் பின்ராத்திரியில் அதுவே எழுப்பிவிடும். மூணு மணிக்கு அவன் வெளியே உட்கார்ந்திருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து. இதில் ஒரு எச்சரிக்கை. அவன் நமக்குத் தெரியாமல் தினமும் நிறையக் குடிப்பவனாக இருந்தால், சட்டென்று நிறுத்தும்போது கை நடுக்கம், வியர்வை வரும், ஓரிரு நாளில் வலிப்புகூட வரலாம். அதனால் எவ்வளவு குடிக்கிறான் என்பதை அவனிடம் கேட்டு, டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

வேலைக்கு விடலாமா என்று போனில் கேட்டீர்கள். சும்மா ஷெட்டில் கிடப்பதைவிட நாலு பேரோடு இருப்பது நல்லது. ஆனால் சாரத்தில் ஏற வேண்டாம், ஸ்லாப் மேலே வேண்டாம். கம்பி வெட்டுற மெஷின், வளைக்கிற மெஷின் பக்கமும் வேண்டாம், கலக்கத்தில் விரல் போய்விடும். தரையில் க்யூரிங்குக்குத் தண்ணி ஊற்றட்டும், கட்டுக் கம்பி கணக்குப் பார்க்கட்டும், பசங்களுக்கு டீ வாங்கி வரட்டும். அரை நாளில் ஆரம்பியுங்கள். அடுத்த தடவை போகும்போது டாக்டரிடம் இவன் உயரத்தில் நின்று கம்பி கட்டுகிறவன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சீட்டில் வெறும் 'கூலி' என்று எழுதியிருந்தால் அவருக்கு அது தெரியாது. எந்த மருந்து, எந்த நேரத்தில் என்பதை அதற்கேற்ற மாதிரி மாற்றித் தருவார்கள்.

கையில் கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல்லாதீர்கள். அந்தப் பசங்க அவன்மேல் இருக்கிற அக்கறையில் கட்டினார்கள். கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும். சாமியாடி ராத்திரி முழுக்க உட்கார வைக்கிறது, பட்டினி போடறது, அடிக்கிறது என்று யாராவது கிளம்பினால் மட்டும் தடுத்துவிடுங்கள்.

ஊருக்கு ஒரு தடவை போகத்தான் வேண்டும். இரண்டாவது தடவை டாக்டரைப் பார்த்து, அவர் சரி என்றால், நீங்களோ அவன் நம்புகிற ஒரு பையனோ கூடப் போங்கள். அதற்கு முன்னால் அவன் சம்மதத்தோடு அவனுடைய சொந்தத்தில் பக்குவமான ஒரே ஒரு ஆளிடம், மாமாவோ சித்தப்பாவோ, பேசிவையுங்கள். அம்மாவுக்கு, உடம்புக்கு முடியலை, மருந்து சாப்பிடறான், பணத்தைப் பத்திக் கேக்காதீங்க என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். வெறுங்கையோடு போகிறோம் என்ற எண்ணம் வராமல் இருக்க ஒரு பை ஆப்பிளும் தங்கச்சி குழந்தைக்கு ஒரு சட்டையும் வாங்கிக் கொடுங்கள். இது மருத்துவப் புத்தகத்தில் இல்லாத ஆலோசனை. ஆனால் வாசல் ஏறுகிற அந்த நிமிஷத்துக்கு அது உதவும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் உங்கள் ஆட்கள் யாரும் பதியவில்லை என்றீர்கள். 18-லிருந்து 60 வயதுக்குள் இருந்து, வருஷத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் பதியலாம். வேலை செய்ததற்கான சான்றை நீங்கள் முன்னின்று வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாக உங்கள் கடைசி வரி. எனக்கும் தூக்கம் பிடிக்கறதில்லை, அது வயசு என்று எழுதி முடித்துவிட்டீர்கள். போனில் கேட்டபோது வயது 46 என்றீர்கள். 46 வயதில் தூக்கம் தானாகப் போய்விடாது. எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, பில்டர் பணம் இழுத்தடிக்க ஆரம்பித்ததிலிருந்து என்றீர்கள். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னாலிருந்து கம்பி வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பதினாலு குடும்பத்துக்கு வாரச் சம்பளத்தைப் புரட்டுகிற பொறுப்பை ஒரே ஆளாகத் தலையில் வைத்துக்கொண்டு, அதையும் யாரிடமும் சொல்லாமல் நல்லா இருக்கேன் என்று வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

ரெண்டு வாரம் கழித்து பையனைக் கூட்டிக்கொண்டு வரும்போது காலையில் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள், பிறகு வரிசை நீண்டுவிடும். அவனுடைய பழைய சீட்டு, ரிப்போர்ட், மீதி மாத்திரை எல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பி.பி.எல். (வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான) ரேஷன் கார்டு இருந்தால் அதையும். உங்களுடைய ஆதாரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் பெயரிலும் ஒரு சீட்டுப் போட்டுவிடலாம்.

— மனநல சமூகப் பணியாளர், பெங்களூரு